போட்டு ஜெனரேட்டருக்குப் புகைக்குழாய்: கேட்டவையும் சொன்னவையும்

ஆழ்கடல் போட்டுகளில் ஜெனரேட்டர் மாட்டுகிறவர்கள் கேட்டதற்கு, இன்ஜின் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணே, டீசல் ஜெனரேட்டர் வாட்டர்லைனுக்கு (போட்டின் பக்கத்தில் கடல்மட்டம் தொடுற கோடு) கீழே உட்காருது. புகைக்குழாய் வழியா கடல்தண்ணி ஏறுமா?

ஏறும் தம்பி. ஓடும்போது அல்ல, நிறுத்தின பிறகு. கடல்தண்ணீரை இழுத்து இன்ஜினையும் புகையையும் குளிரவைக்கிற பம்பு நின்றாலும், வெளித்தண்ணீர் சைபன் பிடித்து (குழாய் வழியே தானாக இழுபட்டு), புகையோடு தண்ணீர் கலக்கிற எல்போ என்கிற வளைகுழாய் வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். புகைக்குழாயில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற வாட்டர் லாக் பெட்டி நிரம்பும், அப்புறம் சிலிண்டர்தான். தண்ணீர் கலக்கிற இடம் வாட்டர்லைனிலிருந்து 15 செ.மீ. மேலே இல்லையென்றால் சைபன் பிரேக் (காற்றை உள்ளே விட்டு சைபனை அறுக்கிற வால்வு) கட்டாயம். அதை வாட்டர்லைனுக்குக் குறைந்தது 30 செ.மீ. மேலே, போட்டின் நடுவாட்டத்தில் வை. ஓரத்தில் வைத்தால், போட்டு சாயும்போது அந்த உயரமே இருக்காது.

இந்த உயரங்களை டீசலும் ஐசும் ஏற்றின பிறகு அளந்துகொள். காலிப் போட்டில் அளந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சைபன் பிரேக் வால்வில் உப்புப் படிந்தால் ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது கழற்றி நல்ல தண்ணீரில் கழுவு.

டீசல் லைன்ல காத்து புகுந்து ஸ்டார்ட் ஆகல. பத்துப் பதினைந்து தடவை செல்ஃப் அடிச்சேன், 'டக்'னு நின்னுடுச்சு.

செல்ஃபில் இனி கை வைக்காதீர்கள்! இன்ஜின் சுற்றும்போதெல்லாம் பம்பும் தண்ணீர் தள்ளும். தள்ளின தண்ணீரை வெளியே துரத்த புகை இல்லை. அதனால் திரும்பி சிலிண்டருக்குள் போயிருக்கும். தண்ணீர் அமுங்காது, மறுபடி அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால்போல் இருந்தால் மாற்றுங்கள், ஒரு தடவை போதாது. இதெல்லாம் அன்றைக்கே, மறுநாள் வரை விட்டால் துரு பிடித்துவிடும். இனிமேல் டீசல் லைனில் காற்று எடுக்கும்போது கடல்தண்ணி வால்வை மூடிவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் உடனே திறக்க வேண்டும், இல்லையென்றால் பம்புக்குள் சுற்றுகிற ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும்.

வீட்டு பி.வி.சி. பைப் போடலாமா?

வேண்டாம். குளிரவைக்கிற தண்ணீர் வராமல் போகிற அன்றைக்கு உருகும், கேபின் முழுக்கப் புகை. மரைன் எக்ஸாஸ்ட் ஹோஸ், ஒவ்வொரு முனைக்கும் இரண்டு துருப்பிடிக்காத கிளாம்ப். வாட்டர் லாக்கிலிருந்து மேலே ஏற்றிய பிறகு, வெளிவாய் வரை ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் ஒன்றேகால் செ.மீ. சரிவு. நடுவில் தொங்கும் வளைவு கூடாது.

மெயின் இன்ஜின் புகைக்குழாயிலேயே சேர்த்துவிட்டால் ஒரு ஓட்டை மிச்சம்தானே?

ஓட்டை மிச்சம், ஜெனரேட்டர் காலி. ஒன்று ஓடும்போது அதன் புகையும் தண்ணீரும் நின்றிருக்கிற இன்னொன்றுக்குள் போகும். தனித்தனியாகவே போடுங்கள்.

கேபினில் படுக்கிற பையன்களுக்கு ராத்திரி தலைவலி, குமட்டல். கடல் ஒவ்வாமையா?

பல வருஷமாகக் கடலுக்குப் போகிற ஆளுக்குத் திடீரென்று கடல் ஒவ்வாமை எதற்கு வருகிறது? எனக்கு முதல் சந்தேகம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே ஆள் போய்விடுவான். இன்றிரவே ஜெனரேட்டரை நிறுத்துங்கள், பையன்களை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, கரைக்கு வந்ததும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறகு குழாயைப் பாருங்கள். கரி பூத்த இணைப்பு, உப்பு வழிந்த தடம், விரிசல் விட்ட எல்போ. குழாயில் ஒன்றும் இல்லையென்றால் வெளிவாய் எங்கே இருக்கிறது? போட்டு முன்னால் போகும்போது கேபின் பின்புறம் காற்று சுழன்று புகையை உள்ளே இழுக்கும். பின்காற்றிலும் அப்படித்தான். வெளிவாய் ஜன்னலுக்கும் ஹாட்சுக்கும் (டெக்கில் உள்ள மூடித் திறப்பு) தள்ளி இருக்க வேண்டும். படுக்கிற அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். ஸ்மோக் அலாரத்துக்கு இது பிடிபடாது.

டெக்கில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே சார்?

பெட்ரோல் புகையில் இந்த விஷம் டீசலைவிட அதிகம். பெட்ரோல் ஆவி தாழ்ந்து அடித்தளத்தில் தேங்கும், ஒரு பொறி போதும். திறந்த டெக்கில் வைத்தாலும் காற்று திரும்பினால் கேபினுக்குள்தான். நான் என்றால் போட்டில் ஏற்ற மாட்டேன்.