இறக்கை முளைத்த அசுவினியும் சாய்ந்த செடியும்

கேள்வி: ரோஜாவில் அசுவினி மொய்க்கிறது. இத்தனை நாள் இறக்கையே இல்லை, இப்போது பாதிக்கு மேல் இறக்கையோடு இருக்கின்றன. வேறு பூச்சியா?

அதே பூச்சிதான். கொழுந்தில் சாறு தாராளமாக இருக்கும்வரை அசுவினிக்கு இறக்கை வீண் செலவு. ஆண் துணையே இல்லாமல் குட்டி போட்டுத் தள்ளும். தாய் வயிற்றில் மகள், பிறக்காத அந்த மகளுக்குள்ளேயே பேத்தி என்று கரு வளர்ந்துகொண்டிருக்கும். அப்புறம் எப்படிப் பெருகாமல் இருக்கும்? கூட்டம் நெருக்கி ஒன்றையொன்று இடிக்க ஆரம்பித்தாலோ, தண்டு முற்றிச் சாறு குறைந்தாலோ, தாய் இறக்கையுள்ள மகள்களைப் பெறத் தொடங்கும். மரபணு அதேதான், உடல்தான் வேறு. பறக்கும் மகளுக்குப் பிள்ளைகள் குறைவு. இறக்கைக்கும் பறக்கும் தசைக்கும் சத்து போய்விடுகிறதே.

இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைத் தூள் போல ஒட்டியிருப்பது உரித்த தோல், பிசுபிசுப்பது அவற்றின் கழிவு. இறக்கை தெரிந்துவிட்டால் பக்கத்துச் செடிகளையும் பாருங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலானவை விழுந்துவிடும். யூரியா போடுவதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த இளங்கொழுந்து அவற்றுக்கு விருந்து.

கேள்வி: அவரைக்கு நன்றாக யூரியா போட்டேன். வேரில் முடிச்சே இல்லையே?

போட்டதால்தான் இல்லை. முடிச்சிலுள்ள பாக்டீரியாவுக்குச் செடி சர்க்கரை கொடுத்துத் தழைச்சத்து வாங்குகிறது. மண்ணிலேயே கிடைத்தால் அந்தச் செலவு எதற்கு? முடிச்சு இருந்தால் ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது.

கேள்வி: ஜன்னலோரச் செடி ஒரே பக்கம் சாய்கிறது. திருப்பி வைக்கலாமா?

வைக்கலாம், சில நாளுக்கு ஒருமுறை கால் சுற்று. நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் நிழல் பக்கம் அதிகம் சேர்வதால் அந்தப் பக்கச் செல்கள் நீள்கின்றன, தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. ஆக்சின் என்ற பெயரே வராத காலத்தில், டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளைகளின் நுனிக்குத் தொப்பி மாட்டிப் பார்த்து, வெளிச்சத்தை உணர்வது நுனிதான் என்று 1880இல் எழுதினார்கள். முற்றிய தண்டு மட்டும் இனி நிமிராது. குச்சி கட்டிப் பயனில்லை.

கேள்வி: தனியாகத் திரியும் பாலைவன வெட்டுக்கிளி கூட்டமாக மாறுவது ஏன்?

பசுமை சுருங்கி எல்லாம் ஒரே இடத்தில் மேய நேர்ந்தால், பின்னங்கால் தொடைகள் உரசிக்கொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் உடலில் செரடோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் கூடி, விலகி ஓடியது நெருங்கி வர ஆரம்பிக்கும். நிறம் மாற மட்டும் இன்னும் நாளாகும்.