மொத்தம் 210தானே, விகிதம் ஏன் 6.6?

வணக்கம். அப்பாவுக்கு வயது 52, மொத்தக் கொழுப்பு 210, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 32, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 260. மொத்தம் கொஞ்சம்தான் கூடுதல், மொத்தத்துக்கும் எச்டிஎல்லுக்கும் உள்ள விகிதம் மட்டும் ஏன் 6.6 என்று கேட்டிருந்தீர்கள். 210-ஐ 32-ஆல் வகுத்தால் அதுதான் வரும். பொதுவாக 5-க்குக் கீழே இருந்தால் தேவலை. இங்கே கணக்கை ஏற்றிவிடுவது அந்த 32. அதற்காக எச்டிஎல்லை மாத்திரை போட்டு ஏற்ற நினைக்காதீர்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோடு, எச்டிஎல்லை ஏற்றும் நியாசினையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வுகளில் எச்டிஎல் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை.

வகுப்பதைவிடக் கழித்துப் பாருங்கள்: 210-இல் 32 போனால் 178. கெட்ட கொழுப்பு வகைகள் எல்லாம் அதில் அடக்கம். 130-க்குள் இருந்தால் நல்லது.

எனக்கு உறுத்துவது அந்த 260. எச்டிஎல் குறைவு, டிரைகிளிசரைடு அதிகம் என்ற ஜோடி பல நேரம் சர்க்கரையோடு சேர்ந்தே வரும். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தாரா? அப்புறம், புகை, ரத்த அழுத்தம் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே. டாக்டர் கட்டாயம் கேட்பார்.