ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குத் தாத்தா, பாட்டி, குழந்தைகளோடு ஆறு பேர் போகிறோம். பக்கத்தில் குறைந்த செலவில் எங்கே தங்கலாம்?

வலைத்தளத்தில் தெரியும் வாடகையை மட்டும் வைத்து ஓட்டலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அறைக் கதவிலிருந்து பூங்கா வாசல் வரை போய்த் திரும்ப ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று கூட்டிப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த பல ஓட்டல்கள் அந்தக் கூட்டலில் மலிவாக இருக்காது.

கணக்குப் போடும் விதத்தைக் காட்ட ஓர் உதாரணம் (வாடகை தேதிக்குத் தேதி மாறும், மற்றக் கட்டணங்களும் மாறலாம்). டிஸ்னிக்கு வெளியே ஓர் ஓட்டல் இரவுக்கு 110 டாலர். டிஸ்னியின் சொந்த ஓட்டலான பாப் செஞ்சுரி 180 டாலர். வெளி ஓட்டலில் ரிசார்ட் ஃபீ (வாடகைக்கு மேல் ஓட்டல் கட்டாயமாக வாங்கும் தனிக் கட்டணம்) 30 சேர்ந்து 140 ஆகிறது. ஆரஞ்சு கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) விற்பனை வரி 6.5, சுற்றுலா வரி 6, ஆக 12.5 சதவீதம். இந்த வரி ரிசார்ட் ஃபீக்கும் சேர்த்துத்தான், எனவே 157.50. ஓட்டலில் கார் நிறுத்த 15, பூங்காவில் நிறுத்த 30. மொத்தம் 202.50. பாப் செஞ்சுரியில் ரிசார்ட் ஃபீ இல்லை. அங்கே தங்குகிறவர்களுக்கு ஓட்டலிலும் பூங்காவிலும் பார்க்கிங் இலவசம். 180-க்கு வரி மட்டும் சேர்த்தால் அதே 202.50. எழுபது டாலர் வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. தெற்கே கிசிமி இருக்கும் ஆசியோலா கவுண்டியில் வரி 13.5 சதவீதம். 2025 மே 12 முதல் அமலில் உள்ள அமெரிக்க விதிப்படி ரிசார்ட் ஃபீயை முதலிலேயே விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். ஆனால் வரியும் பார்க்கிங்கும் அந்த விலைக்கு வெளியே இருக்கலாம், கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

இனி உங்கள் ஆறு பேர் விஷயம். டிஸ்னியின் வேல்யூ வகை ஓட்டல்களில் (மூன்று ஆல்-ஸ்டார் ஓட்டல்கள், பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன்) சாதாரண அறையில் நான்கு பேருக்குத்தான் அனுமதி. மூன்று வயது நிறையாத குழந்தை தொட்டிலில் படுத்தால் கணக்கில் வராது. அறை சுமார் 260 சதுர அடி. பாப் செஞ்சுரியில் ஒரு குயின் கட்டில் நிலையாக இருக்கும், இன்னொன்று சுவரிலிருந்து கீழே இறங்கும். அந்தக் கட்டில் இறங்கும் இடத்தில்தான் மேசை இருக்கிறது. மதியம் குழந்தையை அதில் தூங்க வைத்தால், மற்றவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க அறையில் மேசை இருக்காது. நாலு பேர் ராத்திரி வந்து படுத்து எழுந்து போக இந்த அறை போதும். பகலில் பாட்டி ஓய்வெடுக்க வேண்டும் என்றால் நெருக்கடிதான்.

ஆறு பேர் ஒரே கதவுக்குள் இருக்க டிஸ்னியிலேயே மலிவான வழி ஆல்-ஸ்டார் மியூசிக்கின் ஃபேமிலி சூட். இரண்டு குளியலறை, மைக்ரோவேவ், சிறிய ஃப்ரிட்ஜ் உண்டு. அடுப்பு இல்லை. ஆர்ட் ஆஃப் அனிமேஷனிலும் ஆறு பேர் சூட் இருக்கிறது, அழகாகவும் இருக்கும், ஆனால் வாடகை எகிறிவிடும். அதை எடுப்பதற்கு முன் பாப் செஞ்சுரியில் இரண்டு சாதாரண அறைகள் என்ன விலை என்று பாருங்கள், பல தேதிகளில் இரண்டு அறைகளே குறைவாக வரும். அப்படி எடுத்தால் நடுவில் உள்கதவு உள்ள கனெக்டிங் அறைகள் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்டுக் குறிப்பில் போடச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்து அறை கிடைத்தும் நடுவில் கதவு இல்லாவிட்டால், நடு இரவில் குழந்தை பாட்டியிடம் போக வராந்தா வழியாகத்தான் போக வேண்டும்.

ஆனாலும் தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது டிஸ்னி ஓட்டல் இல்லை. சமையலறை உள்ள சூட் ஓட்டல். ரெசிடென்ஸ் இன், ஹோம்வுட் சூட்ஸ் போன்றவற்றில் அடுப்பு, பெரிய ஃப்ரிட்ஜ், பாத்திரங்கள், காலை உணவு எல்லாம் வாடகையிலேயே வந்துவிடும். ஆறு பேரின் காலைச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் வாங்குகிற செலவை நினைத்துப் பாருங்கள், தினமும் அது மிச்சம். சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர், சர்க்கரைக்கு மாத்திரை போட்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர் வீட்டில் இருந்தால் அடுப்பு பெரிய நிம்மதி. டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் உதிரி ஐஸும் கூடாது, ஐஸ் பேக் வைத்துக்கொள்ளலாம். காலையில் கிளறிய எலுமிச்சை சாதமும் சப்பாத்திச் சுருளும் மதியம் வரை தாங்கும். குளிர்ந்த குடிநீர் உள்ளே உணவுக் கவுண்டர்களில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.

சமையலில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஊரிலிருந்து ரைஸ் குக்கர் கொண்டுவராதீர்கள். நம் குக்கர் 230 வோல்ட், அங்கே 120 வோல்ட். பிளக்கை மாற்றி மாட்டினாலும் சூடு கால்வாசிதான் வரும், அரிசி ஊறிக் கிடக்குமே தவிர வேகாது. அங்கேயே டார்கெட், வால்மார்ட் கடைகளில் சிறிய குக்கர் வாங்கிக்கொள்ளலாம். தாளிக்கும்போது எக்ஸாஸ்டைப் போட்டு, தீயைக் குறைத்து வையுங்கள். மிளகாய் கருகினால் புகை அலாரம் கத்திவிடும். அடுப்பு இல்லாத அறையில் மின் அடுப்பு வைப்பதை ஓட்டல்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

எந்தப் பகுதி? லேக் புவெனா விஸ்டா (ஐ-4 நெடுஞ்சாலையில் 68-ஆம் எக்ஸிட்) அல்லது டிஸ்னியின் மேற்கு வாசல் பக்கம் இருக்கும் ஃபிளமிங்கோ கிராசிங்ஸ். பின்னதில் சூட் ஓட்டல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, நடந்து போகும் தூரத்தில் டார்கெட் இருக்கிறது, ஐ-4 நெரிசலுக்குள் போகாமலே பூங்காவுக்குப் போய்விடலாம். யு.எஸ். 192 சாலையில் கிசிமி பக்கம் மோட்டல்கள் இன்னும் மலிவு. ஆனால் தரம் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். கடந்த மூன்று மாத விமர்சனங்களில் மூட்டைப்பூச்சி, பூட்டு, ஏசி என்ற சொற்களைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இன்டர்நேஷனல் டிரைவ் பகுதி யுனிவர்சல் என்ற வேறு நிறுவனத்தின் பூங்காவுக்குப் பக்கம், டிஸ்னிக்கு அல்ல. இரண்டையும் ‘ஆர்லாண்டோ பூங்கா அருகில்’ என்று விளம்பரத்தில் போட்டுவிடுவார்கள்.

‘இலவச ஷட்டில்’ என்று போட்டிருந்தால் ஓட்டலுக்கே போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: காலையில் முதல் வண்டி எத்தனை மணிக்கு, வாணவேடிக்கை முடிந்த பிறகு திரும்ப வண்டி உண்டா, இடம் முன்னமே பதிய வேண்டுமா. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நடை மட்டும் ஓடும் ஷட்டில் என்றால், மதியம் குழந்தை துவண்டுவிட்டாலும் சாயங்காலம் வரை வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான்.

டிஸ்னி பூங்காக்களில் மேஜிக் கிங்டம் மட்டும் தனிக் கதை. உங்கள் கார் அதன் வாசல் வரை போகாது. டிக்கெட் அண்ட் டிரான்ஸ்போர்ட்டேஷன் சென்டர் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, மோனோரயில் அல்லது படகில் ஏரியைக் கடக்க வேண்டும். வெளி ஷட்டில்களும் பொதுவாக அங்கேதான் இறக்கிவிடும். டிஸ்னி ஓட்டல் பஸ்களோ நேராகப் பூங்கா வாசலுக்கே போகும். இரவு வாணவேடிக்கை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது, பூங்காவிலிருந்து கார் வரை வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். முட்டி வலி உள்ளவர் கூட இருந்தால் அன்று முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஸ்கைலைனர் கேபிள் கார் நிலையம் இருக்கிறது. எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காக்கள் இரண்டுக்கும் போக அது நல்ல வசதி, இடி மின்னல் வந்தால் மட்டும் நிறுத்திவிடுவார்கள். டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்களைப் பூங்கா திறப்பதற்கு 30 நிமிடம் முன்னால் உள்ளே விடுவதும் சின்ன விஷயம் இல்லை, முதல் ரைடுக்கு வரிசை பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

எனவே கார் எடுக்காமல், மூன்று நாலு இரவு மட்டும் என்றால் பாப் செஞ்சுரி அல்லது ஆல்-ஸ்டார். விமான நிலையத்திலிருந்து டிஸ்னி இலவசமாக ஓட்டிவந்த பஸ் 2022 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது, அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வயது வரை குழந்தைக்குக் கார் சீட்டோ பூஸ்டரோ (உயரம் கூட்டும் இருக்கை) ஃபுளோரிடா சட்டம் கேட்கும், உபரில் பொதுவாக அது இருக்காது. கார் எடுப்பதாக இருந்தால் சூட் ஓட்டல். இரண்டு குடும்பம் சேர்ந்து ஐந்தாறு இரவுக்கு மேல் தங்கினால் டேவன்போர்ட், சாம்பியன்ஸ்கேட் பக்கம் நீச்சல்குளத்தோடு வீடு எடுக்கலாம். துப்புரவுக் கட்டணம் மொத்தமாக ஒரு முறை விழுவதால் குறைந்த நாளுக்கு வீடு கட்டுப்படியாகாது. குளிர்காலத்தில் குளத்து நீரைச் சூடாக்கத் தனிக் காசு கேட்பார்கள்.

சில ரிசார்ட்களில் சாவி வாங்கியதும், பார்க்கிங் பாஸ் தருகிறோம் என்று இன்னொரு மேசைக்கு அனுப்புவார்கள். அங்கே இலவசக் காலை உணவு, தள்ளுபடி டிக்கெட் என்று ஆரம்பித்தால் அது டைம்ஷேர் (வருடத்தில் சில நாள் தங்கும் உரிமை) விற்பனை. ஒன்றரை மணி நேரம் என்பார்கள், அரை நாள் போய்விடும். பாஸை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தேதியை மாற்ற முடிந்தால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வாடகை நன்றாக இறங்கும். வெக்கையும் சாயங்கால மழையும் புயல் அபாயமும் அப்போது உண்டு, அதனால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். கிறிஸ்துமஸ் வாரமும் ஈஸ்டரும் கையைக் கடிக்கும். டிஸ்னியில் டிக்கெட்டோடு சேர்ந்த பேக்கேஜை முழுப் பணத்தோடு ரத்து செய்ய 30 நாள் முன்னால் சொல்ல வேண்டும், அறையை மட்டும் பதிந்தால் ஒரு வாரம் முன்னால் சொன்னால்கூடப் போதும். அதனால் அறையைத் தனியாகப் போட்டு வைத்துவிட்டு, டிஸ்னி தளத்தில் தள்ளுபடி வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வந்தால் அன்றே பழைய பதிவை அந்த விலைக்கு மாற்றிக் கேளுங்கள், தள்ளுபடி அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.