1729-ஐ விட்டால் வேறு எண்ணே இல்லையா?

அன்புள்ள சார்,

கணித மேதை ராமானுஜன் என்றாலே எல்லோரும் அந்த டாக்ஸி எண் 1729-ல் போய் நின்றுவிடுகிறீர்கள். அவர் கைபட்ட பெரிய எண் வேறு எதுவும் இல்லையா? இன்னொன்று. எண் பெரிதாகப் பெரிதாகக் காரணிகளும் கூடிக்கொண்டே போகும் என்கிறாள் எட்டாவது படிக்கும் என் மகள். சரிதானா?

வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வது சரியில்லை. 2,14,74,83,647 பத்து இலக்க எண். ஆனால் பகா எண். 1-ம் அதுவும் தவிர அதற்குக் காரணியே கிடையாது. 1772-லேயே சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் இதைக் காட்டிவிட்டார்.

நீங்கள் கேட்ட பெரிய எண்ணும் காரணி விஷயம்தான்: 67,46,32,83,88,800. ரூபாயாக இருந்தால் ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி! இதற்கு 10,080 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது.

இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் முந்துகிற எண்களைப் பற்றி 1915-ல் ராமானுஜன் நீண்ட கட்டுரை எழுதினார். 1912-ல் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது இந்தக் கட்டுரைக்குத்தான். வெளியிட்ட லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை என்பதால் பின்பகுதி அப்போது வெளிவரவில்லை. அது அச்சேறியது 1997-ல்.

12-ஐயும் 18-ஐயும் பாருங்கள். 12 என்பது 2×2×3. 18 என்பது 2×3×3. இரண்டுக்கும் ஆறாறு காரணிகள். அதே ஆறு 12-லேயே கிடைத்துவிடுவதால் 18-க்குப் பட்டியலில் இடமில்லை. ஆக, சின்னப் பகா எண்ணைத்தான் அதிகத் தடவை பெருக்க வேண்டும். நம் பெரிய எண்ணில் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. இந்தத் தடவைக் கணக்கு ஒவ்வொன்றோடும் (அந்தப் பகா எண்ணை ஒரு தடவைகூட எடுக்காமல் விடுவதற்காக) ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2. அதுதான் 10,080. (இந்த 10,080-ம் இதே ரக எண் என்பது கூடுதல் வேடிக்கை.)

கையால் போட்ட ராமானுஜன் பட்டியலில் 102 எண்கள், இது கடைசி. நடுவில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது: 2,93,31,86,25,600. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் அதுதான் வரும்! காரணிகளும் சரிபாதி, 5,040. எனக்கு 1729 கதையைவிட இதுதான் பிடிக்கும்.

மகளிடம் ஒரு கணக்குக் கொடுங்கள். 5,040-க்குக் காரணிகள் 60. அதை முதலில் முந்தும் எண் எது? எட்டாயிரத்தைத் தாண்ட வேண்டியதில்லை.