கேள்வி பதில்: அப்பாவின் கேசட்

கேள்வி: என் அப்பாவுக்குப் பாடகர் நீல் யங் என்றால் உயிர். சின்ன வயதில் காரில் எங்கே போனாலும் அதே கேசட்தான், பின் சீட்டில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது எனக்கு 38 வயது. போன மாதம் தற்செயலாக ஒரு பாட்டு காதில் விழுந்தது, அன்றிலிருந்து விடாமல் கேட்கிறேன். இது நிஜமான ரசனையா, வயதாவதால் வருகிற பழைய ஞாபகமா?

பதில்: சோதித்துப் பார்த்துவிடலாம். அப்பா காரில் போட்டிருக்கவே மாட்டார் என்று தோன்றும் ஆல்பமாக எடுத்துக் கேளுங்கள். என் சிபாரிசு, 1982இல் வந்த 'டிரான்ஸ்'. குரலை மெஷினுக்குள் விட்டு ரோபோ மாதிரி பாடியிருப்பார். பழைய ரசிகர்கள் பலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இதற்கும் அடுத்த ஆல்பத்துக்கும் சேர்த்து, 'இது நீல் யங் இசை மாதிரியே இல்லை' என்று அவருடைய ரெக்கார்டு கம்பெனியே 1983இல் அவர் மேல் வழக்குப் போட்டது! பேச முடியாத தன் மகனோடு பேசப் பார்த்த முயற்சி அது என்று அவர் பின்னால் சொன்னார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த ரோபோ குரல் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அதுவும் உங்களை உட்கார வைத்தால், சந்தேகமே வேண்டாம், ரசனைதான். கேசட்டில் இருந்த பாட்டுகள் மட்டும்தான் இனிக்கின்றன என்றால் அந்தப் பின் சீட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் என்ன, கேளுங்கள்.

சின்ன வயதில் பிடிக்காததில் ஆச்சரியமில்லை. உச்சத்தில் ஏறி, இப்போது உடையுமோ அப்புறம் உடையுமோ என்று நடுங்குகிற குரல், பத்து வயதுப் பிள்ளைக்கு யாரோ அழுகிற மாதிரிதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, என்ன, எங்கள் வீட்டில் ரசிகை அம்மா. மவுத் ஆர்கன் ஆரம்பித்ததுமே நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அதாவது நான் வெறுத்த அந்த இசையை ஒரு தடவை கூட முழுசாகக் கேட்டதில்லை. பல வருஷம் கழித்து ஹெட்ஃபோனில் அவருடைய 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தைக் கேட்டபோது முதலில் பிடிபட்டது குரல் இல்லை, டிரம்ஸ். பாதி வேலையை விட்டுவிட்டு எழுந்து போனவர் மாதிரி அடிக்கிறார் டிரம்மர், அத்தனை இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அந்த மெல்லிய குரல் நிற்கிறது, நிறைய வாத்தியம் சேர்த்திருந்தால் நசுங்கிப் போயிருக்கும். அந்தச் சமயம் நீல் யங்குக்கு முதுகில் டிஸ்க் விலகியிருந்தது, கனமான எலக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை, அதனால் உட்கார்ந்தபடி அக்கூஸ்டிக் கிடார். 1972இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் அது.

அதில் 'ஓல்ட் மேன்' என்று ஒரு பாட்டு, கிழவரைப் பார்த்து 'நானும் உங்களை மாதிரிதான்' என்று ஓர் இளைஞன் சொல்வது. நிறைய பேர் அதை நீல் யங் தன் அப்பாவுக்கு எழுதினார் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது, 1970இல் கலிஃபோர்னியாவில் அவர் வாங்கிய பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரை வைத்து எழுதியது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒன்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும், இல்லையென்றால் ஒரு நல்ல சண்டைக்கு உத்தரவாதம்.

கேள்வி: ஃபோக் ராக் என்கிறார்களே, ஃபோக்கா, ராக்கா?

பதில்: கிராமியப் பாட்டின் கதையும் மெட்டும், கூடவே எலக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும். 1965ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோக் பாடகர் பாப் டிலனின் பாட்டை பேர்ட்ஸ் குழு 12 கம்பி எலக்ட்ரிக் கிடாரோடு பாடி முதலிடம் பிடித்தது அந்த வருஷம்தான். ஜூலையில் நியூபோர்ட் ஃபோக் இசை விழாவில் டிலனே எலக்ட்ரிக் கிடாரோடு மேடையேறியதும் கூட்டத்தில் கூச்சல். கோபம் கிடார் மேலா, மோசமான சவுண்ட் மேலா என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

கேள்வி: நான் எதிர்ப்பக்கம். எனக்கு உயிரான பாடகரை என் மகள் கிண்டல் செய்கிறாள். அவளைக் கேட்க வைப்பது எப்படி?

பதில்: வைக்காதீர்கள். கதவைச் சாத்தாமல் நீங்கள் பாட்டுக்குக் கேளுங்கள். கிண்டல் செய்கிறாள் என்றால் வரிகள் அவளுக்கு மனப்பாடம் என்று அர்த்தம்.