வீட்டுக்கு நெபுலைசர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. பனிக்காலம் வந்தால் இளைப்பு கூடிவிடும். வீட்டிலேயே நெபுலைசரில் புகை வைத்துக்கொள்ளச் சொல்லி லெவோசால்பியூட்டமால், பியூடசோனைடு இரண்டும் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மதுரை பெரியாஸ்பத்திரி பக்கம், பனகல் சாலையில் விசாரித்தோம். ஒரு கடையில் 1,400 ரூபாய், அடுத்த கடையில் 2,300. கையடக்கமான ‘மெஷ்’ (நுண்துளை வலை) மெஷின் 4,000க்கு மேல். எதில் புகை நன்றாக வரும்? (திருமங்கலம் வாசகர்)

பதில்: கடைக்காரர் சுவிட்சைப் போட்டதும் குபுகுபுவென்று வருகிற புகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லா மெஷினிலும் புகை வரும். அதன் துளி எவ்வளவு பொடி என்பதுதான் விஷயம். 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துளிகள் வாயிலும் தொண்டையிலுமே படிந்துவிடும். 1 முதல் 5 மைக்ரான் வரை உள்ளவைதான் மூச்சுக்குழாயின் உள்கிளைகள் வரை போய்ச் சேரும். அட்டைப்பெட்டியிலோ உள்ளே இருக்கும் கையேட்டிலோ ‘எம்எம்ஏடி’ (MMAD) என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது துளியின் சராசரி அளவு. 3 மைக்ரானை ஒட்டி இருந்தால் நல்லது. அந்த எண்ணே இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தத் துளியைத் தீர்மானிப்பது மோட்டார் மட்டுமல்ல, மருந்து ஊற்றும் கப்பும்தான். கம்ப்ரஸர் அனுப்பும் காற்று கப்பின் அடியில் உள்ள ஊசித்துளை வழியாகச் சீறி வரும்போது மருந்தை மேலே இழுக்கிறது. அது எதிரில் உள்ள சின்ன பிளாஸ்டிக் தடுப்பில் மோதிச் சிதறுகிறது. பெரிய துளிகள் கப்புக்குள்ளேயே திரும்ப விழ, பொடித்துளி மட்டும் வெளியே வருகிறது. காற்று குறைந்தால் துளி பெரிதாகும், நேரமும் இழுக்கும். பெரும்பாலான கப்புகளுக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று தேவை. பெட்டியில் 10 லிட்டர், 12 லிட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் கப் மாட்டாமல் வெறுமனே ஓடும்போது வரும் காற்று. கப் மாட்டியபின் வரும் அளவு எவ்வளவு என்று கையேட்டில் தேடுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு பியூடசோனைடு இருப்பதால் அல்ட்ராசோனிக் வகை (ஒலியதிர்வால் புகையாக்குவது) வேண்டவே வேண்டாம். பியூடசோனைடு கரைந்த மருந்தல்ல, மிதக்கும் துகள்கள் கொண்ட கலங்கல். அல்ட்ராசோனிக் அதைச் சரியாகப் பிரிக்காது, மருந்தையும் சூடாக்கும். மெஷ் மெஷினில் சத்தமில்லை, பேட்டரியில் ஓடும், மருந்தும் அதிகம் மிச்சமாகாது. ஆனால் இதே கலங்கல் மருந்து அதன் நுண்துளைகளை அடைக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கழுவ ஆள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். தினசரி உபயோகத்துக்கு, வயதானவர் கையாள, 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் ஒரு சாதாரண கம்ப்ரஸர் மெஷினே போதும் என்பது எங்கள் கருத்து. குழந்தைகளுக்கென்று பாண்டா, பென்குயின் வடிவத்தில் விற்பதற்குக் கூடுதல் விலை அந்த முகத்துக்குத்தான்.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். 2.5 மி.லி. நார்மல் சலைன் (உப்புநீர்) ஆம்பூல் ஒன்று வாங்கி, கப்பில் ஊற்றி ஓடவிடுங்கள். 10 நிமிடத்துக்குள் சலைன் தீர்ந்து, புகை விட்டுவிட்டுத் தெறிக்க ஆரம்பிக்க வேண்டும். கால் மணி நேரம் ஆகியும் ஓடிக்கொண்டே இருந்தால் காற்று போதவில்லை. முடிந்தபின் கப்பைத் திறந்து பாருங்கள். அரை முதல் ஒரு மி.லி. வரை மிச்சம் நிற்பது இயல்பு. 2 மி.லி. பியூடசோனைடை மட்டும் ஊற்றினால் கால்வாசிக்கு மேல் கப்பிலேயே தங்கிவிடக்கூடும். சலைன் சேர்க்கச் சொல்வது அதனால்தான். எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டும் கூடாது. அவற்றால் கிருமி உள்ளே போகலாம், மூச்சுக்குழாயும் சுருங்கலாம்.

மின்வாரியத்தின் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க கரண்ட் இருக்காது அல்லவா? இந்த மெஷின்கள் 100 முதல் 150 வாட் வரைதான் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். சைன்வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் நல்லது. பழைய ஸ்கொயர்வேவில் மோட்டார் உறுமும், சூடாகும்.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் மாஸ்க்கை வைத்தாலே அலறுகிறான். முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் போதாதா? தைலம் ரெண்டு சொட்டு விடலாமா? (வாடிப்பட்டி வாசகி)

பதில்: போதாது. மாஸ்க் முகத்தை விட்டு விலகினால் உள்ளே போகும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடும். அழும்போதும் அப்படியே. தூங்கும் நேரத்திலோ மடியில் வைத்து விளையாட்டுக் காட்டியோ கன்னத்தோடு பதிய வையுங்கள். குழந்தை சைஸ் மாஸ்க் தனியாகக் கிடைக்கும், பெரியவர்களுடையதை மாட்டாதீர்கள். ஐந்து வயதுக்கு மேல், சொன்னபடி வாயால் மூச்சு விடத் தெரிந்தால் மவுத்பீஸ் (வாயில் கவ்வும் குழல்) நல்லது. பியூடசோனைடு வைத்தபின் முகத்தைக் கழுவி, வாயைக் கொப்பளிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

தைலம், யூகலிப்டஸ், நொச்சிச் சாறு எதுவும் நெபுலைசரில் கூடவே கூடாது. எண்ணெய்த் துளி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி வரும்.

கேள்வி: எட்டு மாதம் ஆச்சு. மெஷின் ஓடுது, புகை சரியா வரலை. புதுசு வாங்கச் சொல்கிறார்கள். (மேலூர் வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் கப்பைத் திறந்து, அந்தச் சின்ன தடுப்புத் துண்டு இருக்கிறதா பாருங்கள். விரல்நுனி அளவுதான் இருக்கும். கழுவும்போது சிங்க்கில் போய்விடும், தெரியாமலே கப்பை மூடிவிடுவோம். அது இல்லாமல் புகையே வராது. இருந்தால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கப்பை ஊறவைத்து அலசுங்கள். காய்ந்த மருந்து ஊசித்துளையை அடைத்திருக்கலாம். குண்டூசியால் மட்டும் குத்தாதீர்கள். துளை அகன்றுவிட்டால் துளி பெரிதாகிவிடும்.

அடுத்து பில்ட்டர். மெஷின் உடம்பில் ஒரு மூடியைத் திருகினால் பட்டாணி அளவு பஞ்சு இருக்கும். வெள்ளையாக இருக்க வேண்டியது சாம்பல் நிறமாகியிருந்தால் மாற்றுங்கள். கிரானைட் தூசி பறக்கிற உங்கள் பக்கத்தில் சீக்கிரமே கறுத்துவிடும். மெஷினைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைப்பதும் உதவும்.

இப்போது ட்யூபைக் கப்பிலிருந்து கழற்றி, நுனியைக் கட்டைவிரலால் அடையுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் கம்ப்ரஸர் நன்றாகவே இருக்கிறது. கப், ட்யூப், மாஸ்க் அடங்கிய கிட் 150 முதல் 400 ரூபாய்க்குக் கிடைக்கும், அதை மட்டும் மாற்றுங்கள். தினமும் உபயோகித்தால் ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றத்தான் வேண்டும். காற்றே வரவில்லை என்றால்தான் சர்வீஸ் சென்டர்.

கேள்வி: கல்லூரி மாணவன். ஆன்லைனில் ‘ஆர்டிஏ’ என்று, காயிலையும் (சூடேறும் கம்பிச்சுருள்) பஞ்சையும் நாமே மாற்றிக்கொள்ளும் வேப் (மின்னணு சிகரெட்) அட்டாமைசர் விற்கிறார்கள். பிளேவரும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். எது வாங்கலாம்? உதிரிபாகம்தானே, தடை இல்லையே? (கே.கே.நகர் வாசகர்)

பதில்: தடை உண்டு. 2019ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டம் முழுக் கருவியை மட்டுமல்ல, அதன் எந்தப் பாகத்தையும் தயாரிக்க, இறக்குமதி செய்ய, எடுத்துச்செல்ல, விற்கத் தடை விதிக்கிறது. நிகோடின் இல்லாவிட்டாலும் பொருந்தும். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போட்டால் அதுவும் இறக்குமதிதான். பார்சல் சுங்கத்தில் நின்றுபோனாலும், ஓட்டைப் பொருள் வந்தாலும் நுகர்வோராக நீங்கள் வாதாடுவது கடினம். எனவே மாடல் எதையும் சொல்வதற்கில்லை.

நீங்கள் கேட்ட இரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை. காற்றுத் துளையைத் திறந்தால் ஆவி ஆறி, சுவை நீர்த்துப்போகும். அடைத்தால் காயில் சூடேறிப் பஞ்சு கருகும், கருகலை நீங்கள்தான் இழுப்பீர்கள். சிகரெட்டை விடத்தான் இந்த வழி என்றால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா புகையிலை நிறுத்த எண்ணுக்குப் பேசுங்கள். நெபுலைசரில் வேப் திரவத்தை ஊற்றும் யோசனை இருந்தால் அதை இப்போதே விடுங்கள்.

கேள்வி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே மோட்டார் நின்றுவிட்டது. (செல்லூர் வாசகர்)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. பில்லில் திருப்பித் தரும் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்கிறது. அதற்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லிலும் வாரண்டி அட்டையிலும் மாடல், சீரியல் எண் இருக்கிறதா பாருங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. வாயில் வைத்துப் பயன்படுத்திய மாஸ்க், கப் இரண்டையும் மட்டும் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கலாம், அதில் நியாயம் இருக்கிறது.