முட்டையிடும் பிளாட்டிபஸ் ஏன் பறவை இல்லை?

வணக்கம். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் உங்கள் மகள், முட்டையிடுகிறது, அலகும் இருக்கிறது என்பதால், ஆஸ்திரேலிய நீர்நிலைகளில் வாழும் விலங்கான பிளாட்டிபஸைப் பறவை என்று எழுதி மதிப்பெண் இழந்ததாகவும், அது ஏன் தவறு என்று அவளுக்கு விளக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவள் நன்றாகக் கவனித்துத்தான் எழுதியிருக்கிறாள். முட்டையை அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். பாம்பு, தவளை, மீன், பூச்சி எனப் பலவும் முட்டையிடுவதால், அதை மட்டும் வைத்து எந்த விலங்கையும் வகைப்படுத்த இயலாது.

பறவைக்கு இறகு இருக்க வேண்டும். பிளாட்டிபஸின் உடலை மூடியிருப்பதோ அடர்ந்த ரோமம். அதன் அலகும் பறவையின் அலகைப் போலக் கெட்டியானதன்று. மென்தோல் போர்த்திய அந்த உறுப்பால், இரையின் தசைகள் எழுப்பும் மெல்லிய மின்துடிப்பை உணர்ந்து, கண்களை மூடிக்கொண்டே நீருக்கடியில் அது வேட்டையாடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பால்; குட்டிக்குப் பாலூட்டுவதால்தான் அது பாலூட்டி வகையில் சேர்கிறது. தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. ஏறத்தாழ 10 நாள் அடைகாத்த முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிகள், அவள் வயிற்றுத் தோலில் கசியும் பாலைக் குடித்தே வளர்கின்றன.

1884இல் விலங்கியல் அறிஞர் வில்லியம் ஹே கால்டுவெல் ஆஸ்திரேலியாவில் கண்டு உறுதிசெய்யும்வரை, இது முட்டையிடுமா என்பதில் அறிஞர்களே கருத்து வேறுபட்டிருந்தனர் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்; அவளுக்கு ஊக்கமாக இருக்கும். முட்டையிடும் பாலூட்டிகளில் இன்று எஞ்சியிருப்பவை பிளாட்டிபஸும், உடலில் முட்கள் கொண்ட எக்கிட்னா என்னும் விலங்கின் நான்கு வகைகளும் மட்டுமே.

அடுத்த முறை இத்தகைய வினா வரும்போது, உடலை மூடியிருப்பது எது, குட்டிக்குப் பால் கிடைக்கிறதா என்ற இரண்டையும் முதலில் பார்க்கப் பழக்குங்கள். வௌவாலைப் பற்றிக் கேட்டாலும் இதே வழி உதவும்.